அடைப்புக்குறிக்குள் ஓர் இரண்டு

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் இரண்டோடு நின்றுவிடுவேன். கையெழுத்து அழகாக இருக்கும். துடைத்தால் பளிச்சென்று துடைப்பாள். மற்றபடி வாயைத் திறந்தால் வம்பு, மூடினால் அதைவிடப் பெரிய வம்பு. இருபத்திரண்டு வருடமாக நானும் அவளும் ஒரே வீடு. அதில் கடைசிப் பதினொரு வருடம் ஒரே தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டது. நாத்தனாரோடு ஒரு கூரைக்குக் கீழே குப்பை கொட்டுவதே பெரும்பாடு என்பார்கள். எனக்கு இரண்டு கூரை.

நாங்கள் வேலை பார்ப்பது நிலைக்கண்ணாடி செய்யும் இடம். வெறும் கண்ணாடிப் பலகை ஒரு வாசலில் வரும், முகம் பார்க்கிற கண்ணாடியாகி மறு வாசலில் போகும். நடுவில் நடப்பது இவ்வளவுதான்: பலகையைக் கழுவி, அதன் மேல் வெள்ளீய உப்புக் கரைசலை ஓடவிட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, அப்புறம் வெள்ளிக் கரைசலை ஊற்றுவார்கள். வெள்ளி கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் அந்த வெள்ளீயம் தொட்டிருக்க வேண்டும். அது தொடாத இடத்தில் வெள்ளி ஒட்டினது போல இருந்துவிட்டு, பிறகு தோலாக உரியும். இந்தக் கரைசல்களைக் கலந்து வைப்பது என் நாத்தனார். பலகையைக் கழுவுவது நான். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். முதலாளியிடம் அவள் சொன்ன சிபாரிசு, "எங்க அண்ணிக்குக் கழுவறது மட்டும் வரும்" என்பது. அந்த 'மட்டும்' இன்றைக்கும் எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது.

தொழிற்சாலையில் அவளுக்கு 'லேபிள்' என்று பட்டப்பெயர். அவளுக்கு முன்னால் கரைசல் அறையில் இருந்த பெரியவர் தன் மனசுக்குத் தோன்றியபடி புட்டிகளுக்குப் பெயர் வைத்திருந்தார். வெள்ளீய உப்புகளுக்குப் பழைய பெயர்களில் ஒன்றில் ஸ்டேனஸ், இன்னொன்றில் ஸ்டேனிக், ஒன்றில் 'செம்பு, நீலம்', ஒன்றில் வெறுமனே 'நல்லது'. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு 'நல்லது' என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. இவள் வந்த முதல் வாரமே அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டினாள். முதலில் உலோகத்தின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண், பிறகு அதோடு சேர்ந்தது எதுவோ அது, கீழே தேதி. டின்(II) குளோரைடு, அதாவது அந்த வெள்ளீய உப்பு. காப்பர்(II) சல்பேட். ஒரு புட்டியில் எண் விட்டுப்போனால் அதை அலமாரியில் ஏற்ற மாட்டாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளிப் புட்டியில் மட்டும் எண் ஏன் இல்லை, மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அவளுடைய தப்பு ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கேட்டதுதான்.

"வெள்ளிக்கு இங்கே ஒரே குணம்தான் அண்ணி. அதுக்கு எதுக்கு நம்பர்? இரும்பு, செம்பு, வெள்ளீயம் இதெல்லாம் அப்படி இல்லை. ரெண்டு குணம். இப்போ எந்தக் குணத்துல இருக்குன்னு சொல்லாம பேரை மட்டும் சொன்னா, அது பாதிப் பொய்" என்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த டின் ரெண்டுல இருக்கிற வரைக்கும் வேலைக்கு ஆகும். காத்து பட்டுப் பட்டு நாலா மாறிடுச்சுன்னா ஒண்ணுக்கும் ஆகாது. பார்க்கிறதுக்கு ரெண்டும் தண்ணி மாதிரிதான் இருக்கும். மனுஷங்களுக்கும் நம்பர் போடலாம். உங்களுக்கு நாலு" என்றாள்.

கூட இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் 'நாலு'. மேஸ்திரிகூட, "நாலு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். வாயில் ஒரு 'நீங்க'வும் ஒரு 'அண்ணி'யும் வைத்துக்கொண்டு அவள் அளவுக்கு மரியாதை கெட்டுப் பேச யாராலும் முடியாது.

வீட்டிலும் அதே கதை. உப்பு டப்பாவில் சோடியம் குளோரைடு என்று ஒட்டியிருப்பாள். சமையல் சோடா, துணிக்குப் போடும் சோடா, இரண்டுக்கும் முழ நீளப் பெயர், திறந்த தேதியோடு. சீட்டைப் பார்க்காமல் நான் கை வைத்தால் பின்னாலிருந்து தொண்டையைச் செருமுவாள். என் புருஷன், அதாவது அவளுடைய அண்ணன், மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்க வேண்டியவர். ஆனால் அவர் கெட்டிக்காரர். செய்தித்தாளை விரித்துக்கொண்டு அதற்குள் குடி போய்விடுவார்.

அவள் கல்லூரியில் இரண்டு வருடம் வேதியியல் படித்தாள். மூன்றாம் வருடம் போகவில்லை. எனக்குக் கல்யாணம் நடந்த வருடமும் அதுதான். மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டார், வீட்டில் ஒருத்தி சம்பாதிக்க வேண்டியிருந்தது, புதிதாக வந்த மருமகளுக்கு அப்போது வேலை வெட்டி ஒன்றும் தெரியாது. அதை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், விஷயம் அன்றே முடிந்திருக்கும். பிறகு அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ரசாயனக் கடை வைத்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே இவள், "உங்க கடையில இரும்பு குளோரைடு கேட்டா ரெண்டைத் தருவீங்களா, மூணைத் தருவீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "எது கைக்கு வருதோ அது" என்றார். இவள் எழுந்து உள்ளே போனவள்தான், அதற்கப்புறம் கல்யாணப் பேச்சையே யாரும் எடுக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். ஒரு நாள் லீவு. அன்றைக்குப் பார்த்து, யாரோ பெரிய இடத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று மேஸ்திரி தலைதெறிக்க ஓடி வந்தார். கரைசல் அறையைக் கழுவித் துடைக்கும்படி என்னிடம் சொன்னார். அவள் இல்லாதபோது அந்த அறைக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அங்கே மேடை மேல் ஒரு பெரிய பழுப்புக் கண்ணாடி ஜாடி உண்டு. அடியில் குழாய் வைத்தது. தினமும் காலையில் அதிலிருந்து அளந்து பிடித்து, பிடித்ததில் தண்ணீர் சேர்ப்பாள். ஜாடியை இடத்தை விட்டு யாரும் அசைத்ததில்லை. சீட்டில் டின்(II) குளோரைடு.

வெளிப்பக்கம் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அடியில் கறுப்பாக வண்டல், அதற்கு நடுவில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கட்டி. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. டம்ளரில் ஒரு விரல்ரேகை இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறவளின் ஜாடிக்குள் இவ்வளவு அழுக்கா என்று நினைத்தேன். கையுறையை மாட்டிக்கொண்டு கரைசல் முழுவதையும் நைலான் துணியில் வடிகட்டி வாளியில் பிடித்தேன். ஜாடியைச் சாய்த்ததும் கட்டி தொப்பென்று விழுந்தது. ஜாடியை அலசிக் கரைசலைத் திரும்ப ஊற்றி, சீட்டில் ஒரு சொட்டுப் படாமல் பார்த்துக்கொண்டேன். கட்டியைக் கழுவித் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன். எதற்கு? அவளுடைய அண்ணனிடம் காட்டத்தான்.

காட்டினேன். உங்கள் தங்கச்சி ஜாடியில் கிடந்தது என்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து வெளியே வந்து, கட்டியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கனமா இருக்கே" என்றார். சமையலறை அலமாரி ரொம்ப நாளாக ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்குக் கீழே அதைச் செருகினார், ஆட்டம் நின்றது. கன்னம் வீங்கிப் போய் அவள் உள்ளறையில் படுத்திருந்தாள். நான் விஷயத்தை மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு நடனப் பள்ளிக்கு நாற்பது பெரிய கண்ணாடிகள் போயின. சுவர் முழுவதும் பதித்தார்கள். ஒரே வாரத்தில் ஓரங்களிலிருந்து வெள்ளி உரிந்து தொங்குகிறது என்று அங்கேயிருந்து ஆள் வந்து முதலாளி மேஜை மேல் ஒரு பிடி வெள்ளிச் சருகைக் கொட்டிவிட்டுப் போனார். முதலாளி தன் அறைக்கு மேஸ்திரியையும் என் நாத்தனாரையும் கூப்பிட்டார். பலகை கழுவினவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார். அவளைப் பிடிக்காதவர்கள் தொழிற்சாலையில் அநேகம் பேர். மேஸ்திரி அதில் முதல் ஆள். ஜாடியில் எதையோ மாற்றிக் கலந்துவிட்டு மேலே வேறு பெயரை ஒட்டியிருக்கிறாள் என்று அவர் ஒரே போடாகப் போட்டார்.

அவள் சண்டை போடவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடினைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு கண்ணாடிக் குவளை எடுத்தாள். கரைசல் அறையிலிருந்து வரவழைத்த புதுப் பொட்டலத்து வெள்ளீய உப்பை ஒன்றில் கரைத்தாள், ஜாடியிலிருந்து பிடித்து வரச் சொன்ன கரைசலை மற்றதில் ஊற்றினாள். இரண்டிலும் டிஞ்சரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். புதியதில் விழுந்த பழுப்பு நிறம் விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. ஜாடிக் கரைசலில் அந்தப் பழுப்பு அப்படியே நின்றது.

"ரெண்டா இருந்தா நிறத்தைப் போக்கிடும். இது ரெண்டு இல்லை, நாலு" என்றாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது தெரிந்தும் அவள் குரல் மாறவில்லை. பிறகு கரைசல் அறைக்குப் போய் ஜாடிக்குள் விளக்கு அடித்துப் பார்த்தாள். திரும்பி வந்து, "உள்ளே ஒரு வெள்ளீயக் கட்டி கிடக்கும். அது இருக்கிற வரைக்கும் ரெண்டு நாலா மாறாது, மாறினாலும் திருப்பிடும். அது இருக்குன்னு நம்பித்தான் இந்த ஜாடியை மட்டும் நான் சோதிக்கலை. இப்போ அது இல்லை" என்றாள்.

யார் எடுத்தது என்று முதலாளி கேட்டார். மேஸ்திரி கூரையைப் பார்த்தார். கழுவச் சொன்னது அவர்தானே. நான் என் கால் விரல்களைப் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஜாடிக்குப் பொறுப்பு நான்தான் என்றாள். அன்றைக்கே முதலாளி அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். இருபத்தோரு வருட வேலை ஒரே மத்தியானத்தில் போனது.

கோபம் வந்தால் அவள் வீட்டைத் துடைப்பாள். அன்று சாயங்காலம் சமையலறையில் ஆரம்பித்தாள். நான் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு நின்றிருந்தேன். அலமாரிக்குக் கீழே துணியை விட்டவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"இது எப்படி அண்ணி இங்கே வந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அழுக்கு என்று நினைத்ததையும், அவள் அண்ணனிடம் காட்டி அவளைச் சிறுமைப்படுத்தத்தான் எடுத்து வந்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு நானே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். உங்களைக் காப்பாத்தறேன்னு நினைச்சுக்காதீங்க. அந்த நினைப்பே வேண்டாம். ஜாடி மேல பேரு எழுதினேன், நம்பர் எழுதினேன், தேதி எழுதினேன். உள்ளே கட்டி கிடக்கு, அதனாலதான் அந்த நம்பர் நிக்குதுன்னு எழுதலை. அது என் தப்பு. என் தப்புல உங்களுக்குப் பங்கு தர மாட்டேன்."

மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வெளியூரில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் புட்டி கழுவும் வேலை கிடைத்தது என்று அண்ணனுக்கு மட்டும் தகவல் சொன்னாள்.

நான் முதலாளியிடம் போகவில்லை. அவளே வேண்டாம் என்றாளே என்று என்னிடமே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம், கூடவே கொஞ்சம் சந்தோஷமும். சனி விட்டது என்று டப்பாக்களின் சீட்டையெல்லாம் வெந்நீர் ஊற்றிச் சுரண்டினேன். நான்காம் நாள் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் சமையல் சோடாவைப் போட்டுவிட்டேன். என் புருஷன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடியும் செய்தித்தாளுக்குள் போனார். மிச்சத் தேநீர் தொட்டியில் போயிற்று.

பத்து நாள் கழித்துக் கரைசல் அறையை என்னிடம் ஒப்படைத்தார்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஓரளவு தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்றார் மேஸ்திரி. கழுவ மட்டும் வரும் என்றவளின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுதிவைத்த அளவுகள் சுவரில் இருந்தன, அதைப் பார்த்துப் புதுக் கரைசல் கலந்தேன். கட்டி இல்லாமல் ஊற்றிவைத்தால் மூன்று வாரத்தில் பழைய கதைதான். வெளியில் சொல்லி வாங்கினால் வந்து சேரப் பதினைந்து நாள் ஆகுமாம். வீட்டு அலமாரி இன்னும் ஆடாமல்தான் நின்றது, கட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

அன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் தோளால் நெம்பி, கட்டியை உருவினேன். அதன் அடிப்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. 'வெள்ளீயம். தனி உலோகம், எண் கிடையாது. ஐந்து லிட்டருக்கு இது போதும். அழுக்கு இல்லை.' கீழே அவள் ஊரை விட்டுப் போன நாளின் தேதி. அந்த வேலை என்னிடம்தான் வரும் என்றும், என்றைக்காவது இதற்காக இங்கே வந்து நான் குனிவேன் என்றும் தெரிந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைச் சுவரில் விட்டெறியத் தோன்றியது. ஆத்திரத்துக்கு அடியில் வெட்கம் இருந்தது. அந்த வெட்கத்தில்தான் சீட்டைக் கிழிக்காமல் கட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கட்டியை ஜாடி பக்கத்தில் வைத்திருந்தபோது முதலாளியும் மேஸ்திரியும் உள்ளே வந்தார்கள். முதலாளி கட்டியை எடுத்து அதிலிருந்த சீட்டைப் படித்தார். அவருக்கு அந்தக் கையெழுத்து தெரியும்.

"இது எங்கே கிடைச்சுது?"

கடையில் வாங்கினேன், குப்பையில் கிடந்தது, அவளே கொடுத்துவிட்டுப் போனாள் என்று மூன்று பொய்கள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. மூன்றையும் விழுங்கினேன்.

"எங்க வீட்டு அலமாரிக் காலுக்கு அடியில. நான்தான் ஜாடியிலிருந்து எடுத்தேன். அழுக்குன்னு நினைச்சேன். யாரு கழுவச் சொன்னாங்கன்னு மேஸ்திரி சொல்வாரு."

மேஸ்திரிக்கு அன்றைக்கும் கூரையில் ஏதோ தெரிந்தது. முதலாளி கட்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்து ஜாடியில் போடச் சொன்னார். அப்புறம் என்னைப் பழையபடி கழுவும் இடத்துக்கே போகச் சொன்னார், அவளுக்குத் தொலைபேசியில் பேசினார். அவள் வருகிறேன் என்றாளாம், ஒரு நிபந்தனையோடு. அண்ணியை வேலையை விட்டு எடுக்க வேண்டாம், ஆனால் என் ஜாடியைத் தொடக் கூடாது.

போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள். நேராகக் கரைசல் அறைக்குப் போய், ஜாடியில் இரண்டாவதாக ஒரு சீட்டு ஒட்டினாள்: 'உள்ளே கட்டி உண்டு. எடுக்கக் கூடாது.' நான் வாசலில் நின்றேன். நன்றி எதிர்பார்க்கவில்லை, திட்டாவது விழும் என்று நினைத்தேன். விளக்கு அடித்து உள்ளே பார்த்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"கட்டியைக் கழுவிட்டுப் போட்டீங்களா அண்ணி?"

இல்லை என்றேன். சீட்டை மட்டும் உரித்துவிட்டு, நான் நாளெல்லாம் கழுவுகிற தண்ணீரில் ஒரு தடவை காட்டாமல், அப்படியே போட்டிருந்தேன்.

"அலமாரிக்கு அடியில ஒன்றரை மாசம் கிடந்தது. இப்பதான் அதுல அழுக்கு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு ஜாடியைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.